கல்யாண போட்டோ போல்டர் டெர்மினலில் திறக்கலையா? குடியாத்தம் ஸ்டூடியோ அண்ணாவுக்குப் பதில்

அண்ணா, "ஆம்பூர் கல்யாணம்" போல்டருக்கு டெர்மினல்ல (கமாண்டு டைப் பண்ற விண்டோ) எல்எஸ் (ls, உள்ள என்ன இருக்குன்னு காட்டுற) கமாண்டு போட்டா "அப்படி எதுவும் இல்லை"ன்னு லினக்ஸ் (உங்க கம்ப்யூட்டரை இயக்குற சிஸ்டம்) சொல்லுதுன்னு கேட்டிருந்தீங்க. போல்டர் எங்கயும் போகலை. எரர் ரெண்டு வரி வந்திருக்கும் பாருங்க, ஆம்பூருக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு. நடுவுல இடைவெளி இருந்தா டெர்மினலுக்கு அது ரெண்டு பெயர். முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இல்லன்னா முதல் ரெண்டு எழுத்தை அடிச்சு டேப் கீயைத் தட்டுங்க, அதே மாதிரி தொடங்குற வேற பெயர் இல்லன்னா மீதியை அதுவே சரியா நிரப்பிடும். நான் முழுப் பெயர் டைப் பண்றதே இல்லை.

நட்சத்திரக் குறி போட்டு (*.jpg) எல்லா ஜேபிஜி படத்தையும் காப்பி பண்ணா ஒண்ணும் வரலைங்கறதுக்குக் காரணம் வேற. நிறைய கேமராக்கள் படப் பெயரோட கடைசில வர்ற ஜேபிஜியைப் பெரிய எழுத்துல (JPG) சேமிக்கும், நீங்க சின்ன எழுத்துல (jpg) தேடுறீங்க. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற.

நீங்க கேட்காத ஒண்ணுதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு கேமரா கார்டையும் எம்வி (mv, நகர்த்துற கமாண்டு) போட்டு ஒரே போல்டருக்கு நகர்த்தப் போறேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுலயும் ஒரே எண்ணுள்ள படம் இருந்தா, ரெண்டாவது தடவை நகர்த்தும்போது முதல் படம் சத்தமில்லாம அழிஞ்சிடும். தாலி கட்டுற படம் போச்சுன்னா பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்வீங்க? கார்டுக்கு ஒரு போல்டர் வையுங்க. நகர்த்தாம சிபி (cp) போட்டு காப்பி மட்டும் எடுங்க, ஹைபன் ஐ (-i) சேர்த்தா மேலெழுதும் முன்னாடி கேட்கும்.

ஆர்எம் (rm, அழிக்கிற கமாண்டு) பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. அதுல அழிச்சது குப்பைத்தொட்டிக்குக்கூட வராது.