ஆபரேஷன் இல்லை என்றால் கைவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. நாற்பது வருடப் பீடிப் பழக்கம். நுரையீரலில் ஸ்மால் செல் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. நெஞ்சைத் தாண்டிப் பரவவில்லையாம். ஆபரேஷன் கிடையாது, உடனே கீமோவும் கதிர்வீச்சும் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஊசி குத்தினாலே பரவும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கிறோம். தங்கை கல்யாணம் அடுத்த மாதம், முடிந்ததும் ஆரம்பிக்கலாமா? சர்க்கரை உண்டு. பசி இல்லை. நான்கு நாட்களாகக் காலையில் முகம் வீங்குவதால் உப்பைக் குறைத்திருக்கிறோம்.
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்த வீக்கத்தை உப்பின் தலையில் கட்டாதீர்கள். ஸ்மால் செல் கட்டி பெரும்பாலும் நெஞ்சின் நடுப்பகுதியில் வளரும். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை அங்கேதான் இருக்கிறது. கட்டி அதை நெருக்கினால் ரத்தம் மேலேயே தேங்கும். அப்பா குனிந்து எழும்போது முகம் கனத்துச் சிவக்கிறதா? சட்டைக் கழுத்துப் பட்டன் திடீரென்று இறுக்குகிறதா? கழுத்திலும் மேல் மார்பிலும் நரம்பு புடைத்து நீலமாகத் தெரிகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு திணறுகிறதா? எதுவும் இல்லாவிட்டாலும் இன்றே அவரைப் பார்க்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஓ.பி. தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். போகும்வரை தலையணை உயர்த்திச் சாய்ந்தே இருக்கட்டும். மெடிக்கலில் நீர் பிரியும் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த அடைப்பைத் திறக்கப் பெரும்பாலும் கீமோவே போதும். முதல் சுற்று முடிந்த சில நாட்களில் வீக்கம் வடியத் தொடங்குவதைப் பலரிடம் பார்க்கிறோம். திணறல் கடுமையாக இருந்தால் சிரைக்குள் ஸ்டென்ட் (விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பார்கள்.

சரி, ஆபரேஷன். அது இந்த வகையில் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத மிகச் சிறிய கட்டிக்குத்தான் பொருந்தும். மற்றவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத செல்கள் முன்பே கிளம்பியிருக்கும். கட்டியை மட்டும் வெட்டி எடுத்து என்ன பயன்? ஆனால் கீமோவுக்கு இது நன்றாகவே பணியும். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக நான்கு சுற்று கொடுப்பார்கள். சிறுநீரகம் தாங்காது என்றால் கார்போபிளாட்டின். முதல் அல்லது இரண்டாம் சுற்றோடு கதிர்வீச்சும் தொடங்கிவிடும். நெஞ்சுக்குள் அடங்கிய நிலையில் இது குணப்படுத்தும் நோக்கத்தோடு தரும் சிகிச்சை, கைவிட்டவர்கள் தருவதல்ல. திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் இந்த நிலையில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார். முடிந்தபின் டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2024இல் நிரூபணமானது. விலை லட்சங்களில். முதல்வர் காப்பீட்டில் எதெல்லாம் அடங்கும் என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

கல்யாணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாதத்தில் இரட்டிப்பாகக்கூடிய கட்டி இது. முகூர்த்தத் தேதியை இப்போதே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்த அணுக்கள் இறங்கும் நாட்களில் கூட்டம் ஆகாது. அதைத் தவிர்த்துச் சுற்றுகளை அமைக்க முடியுமா என்று பார்ப்பார். காய்ச்சல் 100.4 தொட்டால் மட்டும், மண்டபத்திலிருந்தே ஆனாலும் நேரே மருத்துவமனைக்கு.

பயாப்ஸி ஊசியால் பரவும் என்பது கட்டுக்கதை. அது இல்லாமல் எந்த மருந்து என்றே முடிவு செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த முள்சீத்தாவை இன்றோடு நிறுத்துங்கள். புற்றுநோயைக் குறைத்ததாக மனிதர்களிடம் ஒரு நிரூபணமும் இல்லை, சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கீமோவில் வாந்தியைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டோ சர்க்கரையை ஏற்றும், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பசி இல்லாததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிடித்ததை அடிக்கடி கொஞ்சமாகக் கொடுங்கள்.

அப்பா இன்னும் பீடி பிடிக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. “இனி விட்டு என்ன ஆகப்போகிறது” என்று வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். கதிர்வீச்சின்போது புகைப்பவர்களுக்குப் பலன் குறைகிறது. சட்டைப்பையில் இருக்கும் பீடிக்கட்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.