டாரன்டுலாவைத் தபாலில் அனுப்பலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மகன் வளர்க்கும் மெக்சிகோ சிவப்புக்கால் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியை கிளாஸ்கோவில் உள்ள நண்பனுக்குக் கொடுக்க விரும்புகிறான். தபாலில் அனுப்பலாமா? சென்னையில் இருக்கும் என் தம்பி மகனும் ஒன்று கேட்கிறான்.

பதில்: கிளாஸ்கோவுக்கு அனுப்பத் தடையில்லை. பிரிட்டனுக்குள் அந்நாட்டுத் தபால் நிறுவனமான ராயல் மெயில் ஏற்கும் உயிரினங்களில் மண்புழு, பட்டுப்புழுவோடு சிலந்தியும் உண்டு. குறைந்தது முதல் வகுப்புத் தபால் வேண்டும் என்பது விதி. நான் பரிந்துரைப்பது அதன் ஸ்பெஷல் டெலிவரி சேவை. மறுநாள் பகல் 1 மணிக்குள் சேர்ந்துவிடும். உயிருள்ள பிராணி, அவசரம், கவனமாகக் கையாளவும் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, உங்கள் முகவரியையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

விதியைவிடப் பெட்டியில் அடைக்கும் முறைதான் முக்கியம். டாரன்டுலா கால்களை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். வயிற்றுத் தோலோ மிக மெல்லியது. பெட்டி கைதவறி விழும்போது சிலந்தி உள்ளே மோதினால் தோல் கிழிந்து, திரவம் கசிந்து இறந்துவிடும். எனவே டப்பாவில் அது நகரவே இடம் இருக்கக் கூடாது. சிலந்தியின் அளவுக்குச் சற்றே பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், லேசாக ஈரமாக்கிய டிஷ்யூ பேப்பரை அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் மெத்தென்று அடையுங்கள். சொட்டும் ஈரம் ஆகாது. காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்துங்கள். பிசிறு சிலந்தியின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்காது. மூடியை ஒட்டி, டப்பாவைத் தெர்மாகோல் பெட்டியில் ஆடாமல் வையுங்கள். வயிறு கறுத்து, சாப்பிடாமல் இருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று பொருள்; அப்போது அனுப்பவே வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பினால் வார இறுதியில் கிடங்கில் அடைபடாது. கடுங்குளிர் நாளென்றால் தள்ளிப் போடுங்கள். இந்த வகை வயிற்று ரோமத்தை உதிர்த்து வீசும், கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. பெட்டியைப் பிரிப்பவர் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

சென்னைக்கு முடியாது. சர்வதேசத் தபால் விதிகள் தேனீ, அட்டைப்பூச்சி, பட்டுப்புழு போன்ற சிலவற்றையே அனுமதிக்கின்றன, சிலந்திக்கு விலக்கில்லை. மேலும் இந்த வகை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், விமானச் சரக்காக அனுப்பவும் அனுமதிப் பத்திரங்கள் தேவை. அங்கே காட்டில் பிடித்து வளர்க்கலாமே என்றும் தம்பி மகனிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் போசிலோதேரியா என்ற டாரன்டுலா வகை மரச் சிலந்திகள் முழுவதும் 2019 முதல் அதே பட்டியலில் உள்ளன. அவற்றுள் ராமேஸ்வரம் பகுதியில் வாழும் ஓர் இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது.