வருமா, வராதா? புளியங்கொட்டை போக்கர் கேள்வி பதில்

ராயபுரத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டெக்ஸாஸ் ஹோல்டம் ஆடுற கூட்டம் எங்களுது. காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ரம்மியில ஊறினவங்க போக்கருக்கு வந்ததும் கேக்குற சந்தேகங்களை மொத்தமா எடுத்துக்கிட்டேன். ஆட்டம் தெரியாதவங்களுக்கு: ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. முதல்ல மூணு விழும், அது ஃப்ளாப். அப்புறம் ஒன்னு, அது டர்ன். கடைசியா ஒன்னு, அது ரிவர். ஒரே சூட்ல (எல்லாமே ஹார்ட்னு வச்சுக்கோ) அஞ்சு சேர்ந்தா ஃப்ளஷ், அஞ்சு சீட்டு வரிசையா வந்தா ஸ்ட்ரெயிட்.

கொடுங்கையூர் தம்பி: அண்ணா, கையில ரெண்டு ஹார்ட், ஃப்ளாப்ல ரெண்டு ஹார்ட். ஃப்ளஷ் வர்றதுக்கு எவ்ளோ சான்ஸ்? மத்தவங்க கையிலயும் ஹார்ட் இருக்குமே, அதைக் கழிக்கணுமா?

கழிக்காதே. உன் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அது கட்டுல கிடக்குதா, எதிர்ல இருக்கறவன் கையில கிடக்குதான்னு உனக்குத் தெரியாது, அதனால ரெண்டும் ஒன்னுதான். ஹார்ட் மொத்தம் 13, நாலு பார்த்தாச்சு, மிச்சம் 9. டர்ன்லயே வர்றதுக்கு 47-ல 9, அதாவது 19 சதவீதம். டர்ன், ரிவர் ரெண்டும் பார்த்தா 35.

வகுத்தல் வேணாம்னா குறுக்கு வழி இருக்கு: உனக்கு உதவுற சீட்டு எத்தனைன்னு எண்ணு. இன்னும் ஒரு சீட்டு விழ பாக்கின்னா அதை 2-ஆல பெருக்கு, ரெண்டு பாக்கின்னா 4-ஆல பெருக்கு. உதவுற சீட்டு 8-க்கு மேல இருந்தா 4-ஆல பெருக்கினது கொஞ்சம் கூடுதலா காட்டும். 8-ஐத் தாண்டி எத்தனையோ அத்தனையைக் கழிச்சுடு. ஃப்ளஷும் ரெண்டு பக்க ஸ்ட்ரெயிட்டும் (வரிசையா நாலு இருக்கு, எந்த முனையில வந்தாலும் சரி) சேர்ந்தா 15 சீட்டு: 60-ல 7 போக 53. அசல் கணக்கு 54.

அதே தம்பி: 35 சதவீதம்னு நம்பித்தானே எதிராளி கட்டினதுக்குச் சமமா கட்டி கால் பண்றேன்? ஏன் கொட்டை கரையுது?

இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. அந்த 35 ரெண்டு சீட்டையும் ஒரே விலையில பார்க்குறவனுக்கு. இருக்கறதெல்லாம் கட்டி ஆல்-இன் போயாச்சு, இனிமே யாரும் மேல கட்டச் சொல்லிக் கேக்க முடியாதுன்னா சரி. இல்லைன்னா டர்னுக்கு ஒரு தடவை கட்டுற, ரிவருக்கு மறுபடியும் கட்டுற. அப்போ ஒவ்வொரு தடவையும் உன் கையில இருக்கறது 19, 20 சதவீதம்தான்.

டர்ன் விழுந்தாச்சு, ஃப்ளஷ் வரல, நடுவுல எல்லாரும் கட்டின பாட்ல 240 கொட்டை. எதிராளி 120 போடுறான். பாட் 360. நீ 120 போட்டா 480. உன் பங்கு 480-ல கால்வாசி, அப்போ 25 சதவீதமாவது சான்ஸ் வேணும். உனக்கு இருக்கறது 46-ல 9, இருபதைக்கூடத் தொடல. கணக்குப்படி ஃபோல்டு, சீட்டைப் போட்டுட்டு விலகிடு.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹார்ட் விழுந்த பிறகு அவன்கிட்ட இன்னும் 133 கொட்டையாவது கறக்க முடியும்னா கால் பண்ணலாம், கணக்கு நேராயிடும். ஆனா நடுவுல மூணு ஹார்ட் கிடந்தா எந்த ஆளும் உஷாராயிடுவான். ஸ்ட்ரெயிட் அப்படியில்ல, பார்க்கறவனுக்குச் சட்டுனு தெரியாது. அதனாலயே எனக்கு ஃப்ளஷைவிட ஸ்ட்ரெயிட்டுக்குக் காத்திருக்கறது பிடிக்கும்.

மூலக்கடை: ரெண்டு பக்க ஸ்ட்ரெயிட்டுக்கு 8 சீட்டுன்னு எப்பவும் வச்சுக்கலாமா?

கூடாது. கையில கிளாவர் 9, டைமன் 8. நடுவுல ஹார்ட் 7, ஹார்ட் 6, ஒரு கிங். உனக்கு நாலு பத்தும் நாலு அஞ்சும் வேணும். ஆனா ஹார்ட் பத்தோ ஹார்ட் அஞ்சோ விழுந்தா உனக்கு ஸ்ட்ரெயிட், இன்னொருத்தனுக்கு ஃப்ளஷ். ஹார்ட் வச்சிருக்கான்னு சந்தேகம் இருந்தா 8-ஐ 6-ன்னு எண்ணு. அதே இடத்துல உன் கையில 5-4 இருந்தா இன்னும் மோசம். எட்டு விழுந்தா நீ குதிப்ப, 10-9 வச்சிருக்கறவன் உன்னைவிடப் பெரிய ஸ்ட்ரெயிட்டோட கம்முனு உட்கார்ந்திருப்பான்.

தண்டையார்பேட்டை அக்கா: ரெண்டும் ஒரே சூட்டா வந்தா ஆடித்தான் ஆகணும்னு என் வீட்டுக்காரர் அடம்பிடிக்கறார்.

அக்கா, ஒரே சூட் வர்றது நாலு கைக்கு ஒன்னு. அதுல ஃப்ளாப்லயே ஃப்ளஷ் முடியறது நூத்துக்கு ஒன்னுகூட இல்ல. நாலு சீட்டு சேர்ந்து காத்திருக்கற நிலைமை 11 சதவீதம். ஒரே சூட்டா இருக்கறதால கைக்குக் கூடுற பலம் ரெண்டுல இருந்து நாலு சதவீதம்தான். குப்பையைத் தூக்கி நிறுத்த அது பத்தாது. கிங்-4 எந்த சூட்ல வந்தாலும் கிங்-4தான்னு மாமாகிட்ட சொல்லுங்க.

வியாசர்பாடி: ஏஸ் ஜோடி வந்துச்சு, அமுக்கி வச்சேன், அஞ்சு பேரும் உள்ள வந்தாங்க, தோத்தேன். இன்னா கணக்கு இது?

அமுக்கி வச்சதுதான் கணக்கு. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை வரும். ஒருத்தனை மட்டும் எதிர்த்தா 85 சதவீதம் ஜெயிக்கும். ஏதோ ஒரு கையோட அஞ்சு பேர் கடைசி வரைக்கும் நின்னா பாதிக்குப் பாதிதான். ஃப்ளாப்புக்கு முன்னாடியே பந்தயத்தை ஏத்து, கூட்டம் கலையட்டும்.

புதுவண்ணாரப்பேட்டை: கேரம் மாதிரி பழகப் பழகக் கை படியுமா?

உலகக் கேரம் போட்டியில 2024-ல தங்கம் வாங்கின காசிமா உங்க ஏரியாதான், அதனால இந்தக் கேள்வி நியாயம். கேரம்ல சரியா அடிச்சா காய் குழியில விழும். இங்க சரியா ஆடியும் வராம போகும். ஒரு கையை வச்சு நீ ஆடினது சரியா தப்பான்னு முடிவு பண்ணாதே.

எண்ணூர்: ரம்மியில இந்தக் கணக்கு செல்லுமா?

பேஷா. ரெண்டு கட்டு, அதனால ஒவ்வொரு சீட்டும் ரெண்டு. ஹார்ட் 6-7 வச்சிருந்தா 5-ம் 8-ம் சேர்த்து நாலு சீட்டு வழி விடும். ஹார்ட் 5-7 வச்சிருந்தா 6 மட்டும், ரெண்டே சீட்டு. கீழே போட்டதைப் பார்த்துட்டோம், அதைக் கழிச்சுடு. ஒரு ஹார்ட் 6 போயிருந்தா ஒத்தையை நம்பி உட்கார்ந்திருக்கன்னு அர்த்தம். ஜோக்கரும் இல்ல, ஜோக்கர் இல்லாத சீக்வென்ஸுக்கு அடித்தளமும் இல்லன்னா முதல் டிராப் 20 பாயிண்ட்லயே எழுந்துடு. நடுவுல எழுந்தா 40, மாட்டினா 80 வரைக்கும் போகும்.

மணலி: ஆப்ல காசு வச்சு ஆடலாமா?

கூடாது. காசு வச்ச ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்னு அதுல பிரிவினை இல்ல. புளியங்கொட்டை மளிகைக் கடையில கிடைக்கும்.

பெரம்பூர்: 2-2 ஜோடி, எதிர்ல ஏஸ்-கிங் வேற வேற சூட். யார் முன்னாடி?

2-2 ஜோடிதான், மயிரிழையில, 52-53 சதவீதம். அதுக்காக ஆல்-இன்னைக் கால் பண்ணிடாதே. அவன் கையில ஏஸ்-கிங்னு உனக்கு யார் சொன்னா? 3-3-ல இருந்து மேல எந்த ஜோடி இருந்தாலும் உனக்கு நூத்துக்குச் சுமார் இருபதுதான்.