இடத்தைக் கொடுத்தால் மடம்: வெளிநாட்டுப் படைத்தளங்கள் பற்றிச் சில கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படைத்துறை ஆள் இல்லை. கொழும்பில் பல வருடம் சர்வதேச உறவுகள் படிப்பித்தவன், இப்போது வெள்ளவத்தையில் ஓய்வில் இருக்கிறேன். எந்த நாடும் இன்னொரு நாட்டு மண்ணில் நிரந்தரப் படைத்தளம் வைத்திருக்கக் கூடாது, அதை உலக ஒப்பந்தமாகவே எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவு கேள்வி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

மருதானையிலிருந்து: சேர், எங்கள் நாட்டில்தான் வெளிநாட்டுத் தளம் ஒன்றும் இல்லையே, இந்தக் கவலை எங்களுக்கு எதற்கு?

இருந்தது தம்பி. 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம், ஆனால் அதற்கு முன்பே, 1947 நவம்பரில், பிரித்தானியாவோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதனால் சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் அவர்களுடைய கடற்படை, கட்டுநாயக்கவில் அவர்களுடைய விமானப்படை. 1956இல் வென்ற பண்டாரநாயக்க பேசி வாங்கிய பிறகுதான் 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலையும் நவம்பர் 1இல் கட்டுநாயக்கவும் கைக்கு வந்தன. தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த அதே மனிதர்தான், அந்தக் கணக்கு வேறு, ஆனால் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார்.

தளம் இருந்தால் என்ன வரும் என்பதற்குக் கொழும்பு ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். இன்று பெடியள் கோப்பி குடித்துப் படம் எடுக்கிற இடம், 1942இல் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் ஏறி இறங்கிய ஓடுதளம். அந்த வருடம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடை மனநல மருத்துவமனையில்கூடக் குண்டு விழுந்தது. எங்களுக்கும் ஜப்பானுக்கும் ஒரு பகையும் கிடையாது, துறைமுகத்தில் யாருடைய கப்பல் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அப்போது நாங்கள் குடியேற்ற நாடு, எங்களைக் கேட்டா செய்தார்கள் என்று சொல்லலாம். சரி, அடுத்த கேள்விக்காரர் இருப்பது சுதந்திர நாட்டில்.

டோஹாவிலிருந்து: அண்ணா, 2025 ஜூனில் இங்கே வானத்தில் ஏவுகணை வெடித்ததைக் கண்ணால் பார்த்தேன். கட்டார் ஈரானோடு சண்டை பிடிக்கவே இல்லையே?

பிடிக்கவில்லை. டோஹாவுக்குத் தென்மேற்கே அல் உதெய்த் தளம், அங்கே சுமார் 10,000 அமெரிக்கப் படையினர். அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியது, ஈரான் ஜூன் 23 மாலை பதிலுக்கு அடித்தது கட்டார் மண்ணில். முன்கூட்டியே சொல்லிவிட்டு அடித்தார்கள், கட்டார்ப் பக்கத்தில் பெரும்பாலானவற்றை வானத்திலேயே மறித்தும்விட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிரவு எங்கள் மாடியில் ஒரு அம்மா, மகனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் இரண்டாவது சரி விழும்வரை, போட்ட சோற்றை மூடியே வைத்துக்கொண்டு இருந்தார். தளம் பாதுகாப்புத் தரும் என்கிறவர்கள் இந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

தெஹிவளையிலிருந்து: பலவீனமான நாடு பயத்தில்தானே கூப்பிடுகிறது? தென் கொரியாவிடம் போய்த் தளத்தை மூடு என்று சொல்லுவீர்களா?

வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது இது, மழுப்ப மாட்டேன். தென் கொரியாவில் 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள், அவர்களை நாளைக்கே ஏற்றி அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரனின் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் பேசாமல் இவனுடைய காவலை மட்டும் எடுக்க முடியாது. ஆகவே தடை என்று வந்தால் பிராந்தியம் பிராந்தியமாக, கால அட்டவணையோடு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் வர வேண்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1997இல் உக்ரைன் செவாஸ்தபோல் துறைமுகத்தை ரஷ்யக் கடற்படைக்குக் குத்தகைக்குக் கொடுத்தது, 2010இல் எரிவாயு விலைக் கழிவுக்காக அதை 2042 வரை நீட்டியது. 2014இல் கிரைமியா பறிபோனபோது ரஷ்யப் படை எல்லையை உடைத்துக்கொண்டு வரவேண்டிய தேவையே பெரிதாக இருக்கவில்லை, ஒரு பகுதி ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. அமெரிக்கத் தளம் என்றால் மட்டும் கொதிக்கிற நண்பர்கள் இதையும் ஞாபகம் வைக்க வேண்டும். எண்ணிக்கையில் அமெரிக்காவை யாரும் நெருங்க முடியாது (ஆய்வாளர்கள் 80 நாடுகளில் ஏறத்தாழ 750 என்கிறார்கள்), ஆனால் தடை என்றால் எல்லோருக்கும்தான்.

வத்தளையிலிருந்து ஒரு அக்கா: ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டால் போதாதா? உலக ஒப்பந்தம் ஏன்?

பிலிப்பைன்ஸ் எழுதியது அக்கா. 1987 அரசியலமைப்பில், செனட் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் இல்லாமல் வெளிநாட்டுத் தளம் கூடாது என்று. 1991 செப்டம்பர் 16இல் செனட்டில் 12 பேர் எதிராகவும் 11 பேர் சார்பாகவும் வாக்களித்துப் புதிய ஒப்பந்தம் தோற்றது, அடுத்த வருடம் சுபிக் குடாவை விட்டு அமெரிக்கக் கடற்படை போனது. பிறகு என்ன? 2014இல் வேறொரு உடன்பாடு. இப்போது அதற்குப் பெயர் தளம் இல்லை, 'இணங்கிய இடங்கள்'. முதலில் ஐந்து, 2023இல் இன்னும் நாலு சேர்ந்து ஒன்பது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்களே, இங்கே மடத்தின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்ப வந்தார்கள்.

எக்குவடோர் கொஞ்சம் திடமாக நின்றது. 2008 அரசியலமைப்பு தடை செய்தது, 2009இல் மன்டா தளத்திலிருந்து அமெரிக்கர் போனார்கள். மயாமியில் எங்களுக்கும் ஒரு தளம் தாருங்கள், நாங்களும் புதுப்பிக்கிறோம் என்று அன்றைய ஜனாதிபதி கொரேயா சொன்னது எனக்கு மிகவும் பிடித்த பதில். 2025 நவம்பரில் அந்தத் தடையை எடுக்கலாமா என்று அரசாங்கமே மக்களிடம் கேட்டது. பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஆனாலும் பாருங்கள், ஒவ்வொரு தலைமுறையும் தனியாக நின்று இதே கதவைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடன்பட்ட சின்ன நாடு எத்தனை தரம் பிடிக்கும்? 'எங்களுக்கு மனமிருக்கிறது ஐயா, சர்வதேசச் சட்டம் விடாது' என்று சொல்ல ஒரு சாட்டு இருந்தால்தான் அது தப்பும். எனக்கு உலக ஒப்பந்தம் வேண்டியிருப்பது அந்தச் சாட்டுக்காக.

ஏ.எல். மாணவி ஒருவர்: இப்படி ஒரு தடை நடைமுறையில் எங்காவது இருக்கிறதா சேர்?

இருக்கிறது மகள். 1959 அந்தாட்டிக்கா ஒப்பந்தம் அங்கே இராணுவத் தளம் கட்டுவதைத் தடுக்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தம் நிலாவில் தடுக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் தடை இருக்கிறது, ஆள் இருக்கிற இடத்தில்தான் இல்லை.

எங்கள் பங்கும் உண்டு. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானம் 2832, 1971 டிசம்பர் 16, முன்னின்றது இலங்கை. சார்பாக 61, எதிராக ஒருவரும் இல்லை, 55 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்ஸ் எல்லாம் அந்த 55க்குள். எதிர்க்க முகம் இல்லாதபோது அப்படித்தான் செய்வார்கள். அதை நடைமுறைப்படுத்தக் கொழும்பில் 1981இல் நடக்க வேண்டிய மாநாடு கடைசிவரை நடக்கவே இல்லை. பரீட்சையில் வந்தால் இலக்கத்தையும் திகதியையும் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

வவுனியாவிலிருந்து: தியாகோ கார்சியாவில் எங்கள் ஆட்கள் அடைபட்டிருந்தார்களே, அது என்ன கதை?

இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளில் ஒன்று அது, அந்தத் தீவின் கதையே ஒரு வழக்கு. 1965இல் பிரித்தானியா சாகோஸ் தீவுகளை மொரிசியசிடமிருந்து பிரித்தது, 1966இல் அமெரிக்காவுக்குத் தளம் போடக் கொடுத்தது, 1973க்குள் அங்கே பிறந்து வளர்ந்த மக்களை முழுதாக ஏற்றி வெளியே விட்டது. அவர்களுடைய நாய்களைக்கூட அடைத்துப் புகையடித்துக் கொன்றார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பால் மொரிசியசின் விடுதலை சட்டப்படி நிறைவேறவில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் இறைமை மொரிசியசுக்கு என்கிறது, தளம் மட்டும் 99 வருடக் குத்தகை. 99 என்ற இலக்கம் எங்களுக்குப் புதிதில்லை.

2021 ஒக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட தமிழர் படகு ஒன்று பழுதாகி அங்கே கரை சேர்ந்தது. வேலிக்குள் கூடாரம், எலித்தொல்லை, எந்த நாட்டுச் சட்டம் என்றே தெளிவில்லாத நிலை, மூன்று வருடம். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள், அதே மாதம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பும் வந்தது. தன் சொந்த மக்களையே வெளியேற்றி உண்டான இடத்தில் அகதிக்கு என்ன இடம் இருக்கும்?

அம்பாந்தோட்டை சீனத் தளமா? (இதை இருபது பேராவது கேட்டார்கள்)

இல்லை. 2017 முதல் 99 வருட வணிகக் குத்தகை, இராணுவப் பாவனை கூடாது என்பது இலங்கையின் உறுதிமொழி. ஆனால் 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது டெல்லி பட்ட பாட்டைப் பார்த்தீர்கள்தானே. 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு சேர்ந்த கடிதங்களிலேயே திருகோணமலையை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. இது ஒரு நாட்டுக்கு மட்டும் கொடுத்த வாக்கு. எல்லோருக்கும் பொதுவான தடை வேறு.

பெயர் சொல்ல விரும்பாதவர்: யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் வளவுக்குள்ளேயே இலங்கை இராணுவ முகாம். அதை விட்டுவிட்டு உலகத் தளம் கதைக்கிறீர்களே?

நியாயமான கோபம். சட்டப்படி அது வெளிநாட்டுத் தளம் இல்லை, நான் சொல்கிற ஒப்பந்தம் அதைத் தொடாது, தொடும் என்று சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் ஒக்கினாவாவில் காணியை இழந்த குடும்பங்கள் பேசுவதைக் கேட்டால் உங்கள் பக்கத்து மயிலிட்டிக்காரர் பேசுவது போலத்தான் இருக்கும். ஜப்பானின் நிலத்தில் 0.6 சதவீதம்தான் ஒக்கினாவா, அமெரிக்கப் படைகள் மட்டும் பாவிக்கும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் புதிய தளம் வேண்டாம் என்றார்கள், கட்டுமானம் நிற்கவில்லை. சொந்த அரசாங்கமே காணிக்காரன் பக்கம் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் எனக்குப் படிப்பிக்கலாம்.

கடைசியாக, கொட்டாஞ்சேனையிலிருந்து: நல்ல வாடகை வந்தால் கொடுத்தால் என்ன சேர்? டொலர் இல்லாமல் வரிசையில் நின்றது மறந்துவிட்டதா?

மறக்கவில்லை, காஸ் சிலிண்டரோடு நானும் நின்றேன். கியூபாவைச் சொல்கிறேன். 1903இல் குவாண்டனாமோ குடாவைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், 1934 ஒப்பந்தப்படி இரண்டு தரப்பும் சம்மதித்தால் ஒழிய அல்லது அமெரிக்கா தானே விட்டுப் போனால் ஒழிய அந்தக் குத்தகை முடிவுக்கு வராது. வாடகை வருடத்துக்கு 4,085 டொலர். வெள்ளவத்தையில் ஒரு சின்ன பிளாட்டுக்கே அதைவிடக் கேட்கிறார்கள். காஸ்ட்ரோ வந்த பிறகு ஒரே ஒரு காசோலைதான் மாற்றப்பட்டது, அதுவும் ஆரம்பக் குழப்பத்தில் தவறிப்போய். மற்றதெல்லாம் மாற்றாமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தார், ஆனால் தளம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.