நம்ம கோச்சி, நம்ம அளவு: மாதிரி ரயில் கேள்வி பதில்

கேள்வி: கடையில் வாங்கிய எச்.ஓ. அளவு ஜெர்மன் பயணிகள் பெட்டிகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து நம் மலைநாட்டு ரயிலான ‘உடரட்ட மெனிக்கே’ ஆக்கினேன். பார்க்கிறவர்கள் “நம்ம கோச்சி மாதிரி இல்லையே” என்கிறார்கள். எங்கே பிழை? – வாசகர், கொட்டகலை

பதில்: பிழை வர்ணத்தில் இல்லை, சக்கரத்தடியில். நம் இலங்கைப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. எச்.ஓ. என்பது 1:87. அந்த அளவில் நம் பாதை 19.25 மி.மீ. வரவேண்டும். கடைத் தண்டவாளம் 16.5 மி.மீ. தான், அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கு உரியது. பெட்டியின் உடல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். நீளமும் இடிக்கிறது: 26.4 மீற்றர் ஜெர்மன் பெட்டி எச்.ஓ.வில் 303 மி.மீ., நம் பெட்டிக்கு அது அதிகம்.

19.25இல் தண்டவாளத்தைக் கையால் போடலாம். ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அச்சு மாற்ற வேண்டும், இயந்திரத்துக்கும் சேர்த்து. அதைவிட அளவையே மாற்றுங்கள். ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்தால் ஐந்தரை அடி மிகச் சரியாக 16.5 மி.மீ. ஆகிறது. விகிதம் 1:101.6. கடைத் தண்டவாளம், கடைச் சக்கரம், எச்.ஓ. இயந்திரத்தின் அடிப்பாகம் எல்லாம் அப்படியே உதவும். உடலை மட்டும் நீங்கள்தான் செய்ய வேண்டும். எப்படியும் நம் பெட்டியைச் செய்து விற்பவர் அரிது என்பதால் இது பெரிய இழப்பல்ல.

கேள்வி: வரைபடம் இல்லாமல் பெட்டியின் அளவுகளை எப்படி எடுப்பது? – வாசகர், ஹட்டன்

பதில்: நானுஓயா போல ரயில் சற்றுத் தரித்து நிற்கும் நிலையத்தில், மேடையில் நின்றபடி கதவின் அகலத்தையும் ஒரு ஜன்னலின் அகல உயரத்தையும் அளவு நாடாவால் எடுங்கள். பிறகு எதிர் மேடையிலிருந்து, பெட்டிக்கு நேர் எதிரே நின்று, முடிந்தவரை தள்ளிப்போய் ‘சூம்’ செய்து படம் பிடியுங்கள். கிட்ட நின்று பிடித்தால் ஓரங்கள் சுருங்கிவிடும். படத்தில் கதவின் அகலமே உங்கள் அளவுகோல். அது பெட்டியின் பக்கச் சுவரிலேயே இருப்பதால் கணக்குப் பிசகாது. முன்னால் இருக்கும் தண்டவாளத்தையோ மேடையையோ அளவுகோலாக எடுத்தால் பிசகும். ஜன்னலுக்கு ஜன்னல் உள்ள இடைவெளியை முதலில் கணக்கிடுங்கள். கண் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை செய்யும் பெட்டியின் இந்திய வரைபடங்கள் சுலபமாகக் கிடைக்கும்: நீளம் 21.337 மீற்றர், அகலம் 3.245 மீற்றர். அதே தொழிற்சாலை நமக்கும் பெட்டி செய்தது என்பதற்காக அந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். அளந்து பாருங்கள்.

கேள்வி: வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று தள்ளித் தடம் புரள்கின்றன. – வாசகர், பண்டாரவளை

பதில்: மலைநாட்டுப் பாதையின் கடும் வளைவு 5 சங்கிலி ஆரம், அதாவது 330 அடி. மூன்று மில்லிமீற்றர் அளவில் அது 990 மி.மீ. கடையில் கிடைக்கும் வளைவுத் துண்டு பெரும்பாலும் 457 மி.மீ.; உண்மையில் பாதிகூட இல்லை.

பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் எவ்வளவு ஒதுங்கும் என்பதற்கு: போகி (பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களின் இடைத்தூரத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். இடைத்தூரம் 150 மி.மீ. என்றால் 457 ஆரத்தில் 6 மி.மீ.க்குச் சற்று மேல், 990இல் 3 மி.மீ.க்கும் குறைவு. முனைகள் வெளிப்பக்கம் போவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அங்கேதான் பஃபர்கள் (பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் தட்டுகள்) ஒன்றின் பின் ஒன்று சிக்கிப் பெட்டியைத் தூக்கிவிடுகின்றன.

990க்கு இடமில்லையா? கடும் வளைவைச் சுரங்கத்துக்குள் ஒளித்துவிடுங்கள். சிங்கமலைச் சுரங்கம் செய்ய நல்ல சாக்கு. சுரங்க வாயை ஒட்டுமுன், மிக நீளமான பெட்டியின் நடுவிலும் முனைகளிலும் பென்சில் கட்டிக் கையால் தள்ளிப் பாருங்கள். இடமும் வலமும் மாறும் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை கட்டாயம்.

எடையும் பாருங்கள். எச்.ஓ.வுக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் சொல்வது 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். எட்டு அங்குலப் பெட்டிக்கு 140 கிராம். 16.5 மி.மீ. பாதையில் ஓடுவதால் நமக்கும் அதுவே போதும். எடையைத் தரையோடு ஒட்டுங்கள், கூரைப் பக்கம் வேண்டாம். நம் 44க்கு 1 ஏற்றத்தில் இப்படி ஆறு பெட்டிகள் கூடுதலாக 19 கிராம் இழுவை கேட்கும். இயந்திரம் திணறினால் பெட்டியைக் குறையுங்கள், எடையை அல்ல.

கேள்வி: பிளாஸ்டிக் தகட்டில் செய்த பக்கச் சுவர் ஒரு மாதத்தில் வளைந்துவிட்டது. வர்ணமும் வெண்மை பூத்தது. – வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டு தகடுகளை ஒட்டும்போது ஒட்டுத் திரவம் அதிகமானால் ஆவி நடுவில் அடைபட்டு, மெல்ல வெளியேறும்போது தகட்டை இழுக்கும். உள்தகட்டில் 20 மி.மீ.க்கு ஒன்றாகச் சிறு துளை போடுங்கள். திரவத்தை ஓரங்களில் மட்டும் தடவி, தட்டையான கண்ணாடியில் பாரம் வைத்துக் காயவிடுங்கள்.

வெண்மைக்குக் காரணம் உங்கள் ஊர்ப் பனிமூட்டம். லாக்கர் தெளிப்பு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் வர்ணத்தில் படிகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்தில், முற்பகலில் தெளியுங்கள். அவசரமென்றால் தூரிகையும் அக்ரிலிக்கும்.

கேள்வி: 1990களின் ஹட்டன் நிலையத்தில் நீல எஸ் 12 டீசல் ரயிலை நிறுத்தலாமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: கூடாது. அது 2012இல் வந்தது. எம் 6 டீசல் இயந்திரம் நிறுத்துங்கள்.