விடுமுறையில் மகன் வேலைக்குப் போகவில்லை என்று வருந்தும் தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் உங்கள் 16 வயது மகனுக்கு உழைப்பின் அருமை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வயதில் கோடைதோறும் பெங்களூர் சிக்பேட்டை ஜவுளிக்கடையில் நின்று, அந்தச் சம்பளத்தில் பள்ளிப் புத்தகங்கள் வாங்கியவர் நீங்கள் என்பதால் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவன் குணத்தைக் குறைசொல்வதற்கு முன், காலம் எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுகிறேன்.

விடுமுறை வேலை ஊறிப்போன வழக்கமாக இருந்த அமெரிக்காவிலேயே, 16 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் வேலை பார்த்தவர்களும் தேடியவர்களும் சேர்ந்து 1979-இல் சுமார் 58 சதவீதமாக இருந்தனர்; 2011-இல் அது ஏறத்தாழ 34 சதவீதமாகச் சரிந்தது. கோடையிலும் படிப்பைத் தொடர்வோர் பெருகியதும், கடை, உணவக வேலைகளுக்குப் பெரியவர்கள் போட்டியிட்டதும் அங்கே சொல்லப்படும் முக்கியக் காரணங்கள்.

பெங்களூரிலும் படிப்புதான் விடுமுறையை எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு முடிவு வருமுன்பே, பி.யு.சி. எனப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் பிரிட்ஜ் கோர்ஸ் தொடங்கிவிடுகிறது, நீட், ஜே.இ.இ. எழுத விரும்புவோருக்கு ஏப்ரலும் மே மாதமும் பயிற்சி வகுப்பிலேயே கழிகின்றன.

சட்டத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் முதலிய ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. பிற இடங்களில் சேர்த்தாலும், ஓய்வு நேரத்தையும் கணக்கிட்டு ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று மணி நேரம் வேலை செய்ததும் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். மாலை 7 மணிக்குப் பிறகு வேலை வாங்கவே கூடாது. ஜவுளிக்கடையில் வியாபாரம் சூடுபிடிப்பதே மாலையில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அந்த நேரத்துக்கு உதவாத பையனைச் சேர்த்து, அவனுக்காகச் சட்டம் கேட்கும் பதிவேட்டையும் பராமரிக்க எந்த முதலாளி முன்வருவார்? உணவு விநியோகச் செயலிகளோ 18 வயது நிறையாதவர்களைச் சேர்ப்பதில்லை.

அவனுக்கே விருப்பம் இருந்தால், உங்களுக்கு நன்கு தெரிந்தவரின் கடையில், காலையில் நான்கு மணி நேரம், மூன்று வாரங்களுக்கு மட்டும், சரக்குப் பதிவேடு எழுதவோ பில் போடவோ அனுப்புங்கள்; வணிகவியல் எடுக்கப்போகிறான் என்றால் இது பாடத்துக்கும் துணையாகும். சம்பளத்தை முன்பே பேசி, அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அவன் உழைத்து ஈட்டுவது, வருமான வரிக்காக உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படாது. கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் ‘இன்டர்ன்ஷிப்’ விளம்பரங்களை நம்ப வேண்டாம்; வேலை பார்ப்பவன் பணம் கட்டுவது எந்த வகையிலும் முறையன்று.

முதலாண்டு பி.யு.சி. முடிந்து வரும் விடுமுறையில் இதைத் தொடங்காதீர்கள். இரண்டாமாண்டுப் பாடமும் நுழைவுத் தேர்வும் ஒருசேர நெருக்கும் காலம் அது. இந்த ஆண்டே ஏற்றது. கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் அவனை உட்காரவைத்து, என்ன வேலை பார்க்க விரும்புகிறான் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.