வீட்டையே ஊமையாக்கி வைத்திருக்கிறோம்

கேள்வி: என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. எங்கே போனாலும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். பாத்திரம் விழுந்தால்கூட வியர்த்துப் போகிறது. இரவில் அலறி எழுகிறார். சத்தம் போடாமல், பழைய பேச்சை எடுக்காமல் வீட்டையே ஊமையாக்கி வைத்திருக்கிறோம். டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா?" என்கிறார். தூக்க மாத்திரை போதுமா? இனிமேல் குணமாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அவர் பைத்தியம் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் பிடிஎஸ்டியின், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பின், அறிகுறிகள் போலத் தெரிகிறது. மனநல மருத்துவர் நேரில் பேசித்தான் உறுதி செய்ய வேண்டும். முதல் உலகப் போரில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள், பலரைக் கோழை என்றும் ஏசினார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் போராடிய பிறகுதான், 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பிடிஎஸ்டி என்ற பெயரிலேயே நோயாக ஏறியது.

நீங்கள் வீட்டை ஊமையாக்கியது பாசத்தால்தான். ஆனால் அதிர்ச்சி தந்த அந்தப் பழைய நினைவை ஒவ்வொரு முறை ஒதுக்கும்போதும், 'இது இன்னும் ஆபத்தானது' என்றே மனம் பாடம் படிக்கிறது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை இதைத்தான் திருப்பிப் போடுகிறது. சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, உங்கள் கணவர் கண்ணை மூடி அந்த அதிர்ச்சி நடந்த நாளை இப்போது நடப்பதுபோலச் சொல்வார். அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்பார். முதல் வாரங்களில் அழுகை வரும், தூக்கம் இன்னும் கெடலாம். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, அது முடிந்துபோன ஒரு நாளாக மாறும். 'என்னால்தான் அவன் செத்தான்' என்று உள்ளே உறுத்துகிறதென்றால், அந்த எண்ணத்தையே எடுத்து அலசும் இன்னொரு சிகிச்சையும் இருக்கிறது. அதற்குச் சுமார் 12 அமர்வுகள்.

குணமாகுமா? மழுப்பாமல் சொல்கிறேன். ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கட்டுரைப்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் முழுக்க நீங்கவில்லை. 2022-ல் வெளியான ஆய்வில் 900-க்கு மேற்பட்ட முன்னாள் வீரர்களுக்கு இந்த இரண்டு சிகிச்சையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பலன் தந்தன, ஆனால் ஏறத்தாழ பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். உங்கள் துணை தேவைப்படுவது அங்கேதான். சண்டை முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்து தேறியவர்களும் உண்டு, ஆறு வருடம் தாமதமே இல்லை.

தூக்க மாத்திரை வேண்டாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசிபைன் வகை மாத்திரையைப் பிடிஎஸ்டிக்குத் தரக்கூடாது என்றே அமெரிக்க ராணுவ, முன்னாள் வீரர் துறைகளின் 2023 வழிகாட்டி சொல்கிறது. ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி குறையுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதவும்.

'மனநோய்' என்று ஆரம்பிக்காதீர்கள். "தூக்கமே இல்லையே, அதுக்கு ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அன்றே அழைத்துப் போய்விடுங்கள். அப்புறம், இரவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று, "வீட்லதான் இருக்கீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுங்கள்.